பழைய அம்பாசடரில் இசுசு என்ஜின்

1,489 சிசி பெட்ரோல் என்ஜினோடு வந்த பழைய அம்பாசடரில் 1,817 சிசி இசுசு என்ஜினைப் பொருத்துவது, வீட்டுக் கொட்டகையில் செய்யக்கூடிய என்ஜின் மாற்றங்களில் ஓரளவு எளிதானது. காரணம், கார் கம்பெனியே அதை முதலில் செய்து காட்டிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதே உடலில் இசுசு என்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்து ‘அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்’ என்று விற்றது. பொருந்துமா என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. மீதி வேலை, பழைய வண்டியை அந்தப் புதிய வண்டியின் அளவுக்குக் கொண்டுவருவதுதான்.

இரண்டு என்ஜின்களும் இயல்பிலேயே வேறு. பழையது பிரிட்டனின் பிஎம்சி வகை. சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 89 மில்லிமீட்டர். நீண்ட ஓட்டம் கொண்ட இந்த அமைப்பு குறைந்த சுற்றிலேயே இழுக்கும். ஆனால் வேகமாகச் சுழலவிட்டால் திணறும். இசுசுவில் விட்டம் 84, ஓட்டம் 82. விட்டம் பெரிதென்பதால் வால்வுகளுக்கு இடம் அதிகம், கேம் ஷாஃப்ட் தலைமேலேயே இருக்கிறது, உயர்ந்த சுற்றிலும் மூச்சு முட்டாது. கொள்ளளவு சுமார் 22 சதவீதம் கூடுகிறது. பழையதில் 50 குதிரைத்திறன் அளவுக்கு இருந்தது இதில் 75 ஆகிறது. கொள்ளளவு கூடியதைவிடக் குதிரைத்திறன் அதிகமாகக் கூடுவது இந்த வேகச் சுழற்சியால்தான்.

பெரிய என்ஜின் போடும் ஆசை சித்தூர், திருப்பதிப் பக்கம் ஏன் எழுகிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மலைப்பாதையில் வண்டி சுமார் 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 1944-இல் திறந்த முதல் பாதை இப்போது இறங்குவதற்கு. 1974-இல் வந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கு. சித்தூரிலிருந்து பலமநேர் போகிறவர்களுக்கு மொகிலி கணவாய் ஏற்றம் வேறு. குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் போகும் அம்பாசடர் 1,500 கிலோ இருக்கும். அதை 700 மீட்டர் தூக்க ஆகும் ஆற்றலை, ஏறும் நேரமான 28 நிமிடத்துக்கு வகுத்தால் எட்டு குதிரைத்திறனுக்குச் சற்று மேலே வருகிறது. டயர் உராய்வு, காற்றுத்தடை, கியரில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் 20-ஐத் தொடாது. அப்படியானால் 50 குதிரைத்திறன் வண்டி மலையில் ஏன் தவித்தது?

சராசரிக் கணக்கு வளைவுகளைக் காட்டாது. கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்ததும், மிகக் குறைந்த சுற்றில் முழு இழுவையும் தேவைப்படுகிறது. இரண்டாவது கியரில் நீண்ட நேரம் ஊர்ந்தால் ரேடியேட்டருக்குள் வரும் காற்று குறைந்து, தண்ணீர் கொதிக்கிறது. இவற்றோடு வயதும் சேர்கிறது. ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போன என்ஜின், ஏட்டில் 50 என்று இருந்தாலும் தரையில் அதைத் தராது. உண்மையில் பல வண்டிகளுக்கு வேறு என்ஜினே தேவையில்லை. போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வு கிரைண்டிங் செய்து, ரேடியேட்டரைக் கழுவினாலே மலை ஏறிவிடும். செலவிலும் அது பாதிகூட ஆகாது. பெரிய என்ஜின் தருவது சிரமமில்லாத ஏற்றம்: மேல் கியரில், குறைந்த சத்தத்தோடு, ஏசி ஓடும்போதும்.

கழற்றும் வேலை ஒரே பகலில் முடியும். பேட்டரி இணைப்பை எடுத்து, கூலன்ட்டையும் ஆயிலையும் வடித்து, பானெட்டையும் ரேடியேட்டரையும் இறக்கி, சைலன்சர் குழாய், பெட்ரோல் குழாய், வயர்கள் எல்லாவற்றையும் அடையாளம் கட்டிப் பிரிக்கிறார்கள். பிறகு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை அவிழ்த்து, மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, செயின் பிளாக்கில் தொங்கவிட்டுத் தூக்குகிறார்கள். என்ஜின் மட்டுமே ஒன்றரைக் குவிண்டால் அளவுக்கு இருக்கும். கியர் பெட்டியோடு சேர்த்தால் இன்னும் கூடும். கொட்டகை உத்தரத்தை நம்பிச் செயின் பிளாக் மாட்டுவது ஆபத்து. இரும்புக் குழாயில் செய்த முக்காலிதான் சரி. தொங்கும் என்ஜினுக்குக் கீழே யாரும் கை நீட்டக்கூடாது.

உள்ளே வைக்கும்போதுதான் கைத்திறன் தெரியும். கியர் பெட்டியின் முன் தண்டு கிளட்ச் பிளேட்டைத் தாண்டிப் போய், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையிலுள்ள சிறு வெண்கல புஷ் அல்லது பேரிங்குக்குள் உட்கார வேண்டும். பழைய கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு புதிய என்ஜினை இணைக்க நினைப்பவர், இடையில் லேத்தில் கடைந்த தட்டு ஒன்று போட வேண்டியிருக்கும். அந்தத் தட்டின் மையம் மயிரிழை விலகினாலும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து கொடுக்கும். ஆரம்பத்தில் கிளட்ச் மிதிக்கையில் மெல்லிய அதிர்வு, அடுத்து கியர் சரியாக விழாமை, கடைசியில் முன் பேரிங் உடைதல் என்று அது முன்னேறும். டயல் கேஜை வைத்து பெல் ஹவுசிங்கின் உள்வட்டத்தைச் சுற்றி அளந்து பார்க்காமல் போல்ட்டை முறுக்குகிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைத் தரக்கூடாது. இசுசு என்ஜினை அதன் சொந்த ஐந்து கியர் பெட்டியோடு வாங்குவதே புத்திசாலித்தனம். இந்தத் தலைவலி அடியோடு போய்விடும்.

ஆனால் வேறு வேலைகள் வந்து சேரும். பழைய அம்பாசடரில் கியர் லிவர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். ஐந்து கியர் பெட்டிக்கு அது தரையில் வேண்டும். தரைத் தகட்டை வெட்ட வேண்டும், முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட்டுக்கு விடை கொடுக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் மாறும். லேத் பட்டறையில் வெட்டி ஒட்டிய பிறகு பேலன்ஸ் பார்க்காவிட்டால் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி முழுக்க நடுங்கும். அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடலே சட்டம். ஆகவே என்ஜின் மவுண்டிங்குக்குப் புது பிராக்கெட் வெல்டிங் செய்யும் இடம் துருப்பிடித்த தகடாக இருந்துவிடக் கூடாது. முன்பக்க எடை மாறி மூக்கு தாழ்ந்தால் டார்ஷன் பார்களை முறுக்கி உயரத்தைச் சரிசெய்யலாம். இது அந்தக் காலத்து வடிவமைப்பு தந்த வசதி.

பலர் கடைசியாக நினைப்பது பிரேக். முதலில் நினைக்க வேண்டியதும் அதுதான். ஏறும்போது வண்டியை மேலே தூக்கிய ஆற்றல் இறங்கும்போது வெப்பமாகப் போக வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய வண்டியில் அது டிரம்மிலும் லைனிங்கிலும் தேங்குகிறது; சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கிறது. திருமலையிலிருந்து இறங்கும் வண்டிக்குக் குறைந்தது 40 நிமிடம் ஆக வேண்டும் என்று வைத்திருக்கும் கட்டுப்பாடு வேகத்துக்காக மட்டுமல்ல, இதற்கும் பயன்படுகிறது. பெரிய என்ஜின் போடுகிறவர் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும் போடுவது அவசியம். பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் மேனிஃபோல்டிலேயே பூஸ்டருக்கான வெற்றிடம் கிடைக்கும். டீசல் என்ஜினில் காற்றை மறிக்கும் திராட்டில் இல்லாததால் அந்த வெற்றிடம் கிடையாது; ஆல்டர்னேட்டரின் பின்னால் தனி வேக்குவம் பம்ப் வேண்டும். அதே காரணத்தால் டீசலில் ஆக்சிலரேட்டரை விட்டால் கிடைக்கும் என்ஜின் பிரேக்கும் குறைவு. மைலேஜுக்காக டீசலுக்கு மாறுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். டீசலைக் கிளப்பப் பெரிய பேட்டரியும் தேவை. அதற்குத் திருப்பதிக்காரர்கள் அலைய வேண்டாம், கரகம்பாடியிலேயே அமர ராஜா பேட்டரி ஆலை இருக்கிறது.

சட்டத்தின் பக்கம் விஷயம் கறாரானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணும் சிசி-யும் எரிபொருளும் இருப்பதால், 1,489-க்குப் பதில் 1,817 என்பது நேராக அதில் போய் முட்டுகிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே நிலையை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த என்ஜினுக்குப் பதில் அதே வகை என்ஜினைப் போட்டு, பதிவு அலுவலகத்தில் புதிய எண்ணை ஏற்றிக்கொள்ள வழி உண்டு. அங்கீகரித்த கிட் மூலம் சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரிக்கு மாறவும் நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. ஆக, அம்பாசடரின் என்ஜினை முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டு மின்மோட்டார் போடுவதற்குச் சட்டத்தில் வாசல் இருக்கிறது. 328 சிசி கூட்டுவதற்கு இல்லை. விசித்திரம்தான்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும், அப்போது சேஸிஸ் எண்ணோடு என்ஜின் எண்ணும் ஒத்துப் பார்க்கப்படும். எண் பொருந்தாவிட்டால் புதுப்பிப்பு நின்றுபோகும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதையே காரணம் காட்டி மறுக்கலாம். எனவே மாற்றம் செய்த வண்டி பெரும்பாலும் தனியார் இடத்திலும் கண்காட்சியிலும் ஓடுவதற்கே உதவும். மலைப்பாதையில் ஓட வேண்டிய வண்டிக்கு, பிறந்தபோதே இசுசு என்ஜினோடு பதிவான 1800 ஒன்றைத் தேடி வாங்குவது செலவிலும் சட்டத்திலும் லேசான வழி.