கழகமும் உடையவரும்

எமது திருக்கோவிற் பகுதியில் ஒரு கோயிலைக் காட்டி, அதன் சொந்தக்காரர் யாவர் என்று எவரேனும் வினவினால் விடை கூறுதல் எளிதன்று. வண்ணக்கர் உளர், குடிமரபுகள் உள, திருவிழா நாட்களைப் பகிர்ந்துகொள்ளும் உரிமைகளும் உள. ஆயினும் கோயிலை விற்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை. இலங்கையின் பழைய றக்பிக் கழகங்களும் ஏறக்குறைய இவ்வாறு அமைந்தவையே. 1874 இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகம், 1915 இல் தோன்றிய ஹவ்லொக் கழகம் முதலியன அங்கத்தவர் கழகங்கள். ஆட்டக்காரருக்குப் பணங்கொடுக்கும் வழக்கம் இங்கும் புகுந்துவிட்டது. அதற்கு அனுசரணையாளரின் கையை எதிர்பார்ப்பதும் உண்டு. கழகம் மட்டும் விலைக்குப் போவதில்லை.

இங்கிலாந்தின் கதை வேறு. ஆட்டத்தின் பொருட்டு வேலையை விட்டுவந்த தொழிலாளிக்கு அன்றைய கூலியை ஈடுசெய்யலாமோ என்னும் வழக்கினால் 1895 இல் வடபகுதிக் கழகங்கள் பிரிந்து சென்றன. எஞ்சியோர் நூறு ஆண்டுகள் காசு வாங்குதலைக் குற்றமென்றே கொண்டனர். (கூலியிழப்பைப் பொருட்படுத்தத் தேவையற்றவரே இத்தூய்மையைப் பெரிதும் போற்றினர் என்பதை ஈண்டு மறைத்தல் தகாது.) 1995 ஓகஸ்டில் பாரிசிற் கூடிய சர்வதேச றக்பிச் சபை அத்தடையை நீக்கிற்று. ஊதியம் கொடுக்கலாம் என்றாயிற்று. கொடுப்பதற்குக் கழகங்களிடம் பணமில்லை. ஆகவே செல்வர் வந்தனர். சரசென்ஸ் கழகத்தை நைஜல் ரேயும், நியூகாசிலைச் சேர் ஜோன் ஹோலும், றிச்மண்டை அஷ்லி லெவெற்றும் கைக்கொண்டனர்.

அவர்கள் வாங்கிய பொருள்தான் யாது? மைதானம் பல வேளைகளிற் பிறருடையது. ஆட்டக்காரரோ சில ஆண்டு ஒப்பந்தத்தில் நிற்பவர். எஞ்சுவன ஒரு பெயர், போட்டித் தொடரில் ஓர் இடம், தொலைக்காட்சிப் பணத்தில் ஒரு பங்கு. களத்தில் நிற்போர் பதினைவர். அடிபட்டு விழுவோர் பலராதலால் அதனினும் இருமடங்குக்கு மேற்பட்டோருக்குச் சம்பளம் கொடுத்தல் வேண்டும். சொந்த மைதானத்தில் நடைபெறும் ஆட்டங்களோ சில. உதைபந்தாட்டக் கழகம் ஆட்டக்காரர் ஒருவரை இன்னொரு கழகத்துக்கு விட்டுப் பெருந்தொகை பெறும். றக்பியில் அவ்வருவாய் மிக அரிது. எமது போடியார் விதைநெல்லும் செலவும் முன்கொடுப்பது அறுவடையில் மீட்கலாம் என்னும் துணிவினாலேயாம். றக்பிக் கழகத்தை உடையவருக்கு அத்துணிவு கிடையாது. போகந்தோறும் கையிலிருந்து போடுகின்றார். போட மனம் இல்லாத அன்று கழகம் விழுகின்றது.

1867 இல் தோன்றிய வொஸ்ப்ஸ் கழகம் இவ்வாறே விழுந்தது. இலண்டனிற் பிறந்து வளர்ந்த அக்கழகம் 2014 இல் கொவென்றி நகரத்துப் பெரும் விளையாட்டரங்கை வாங்கி அங்கே குடிபெயர்ந்தது. ஆட்டமில்லா நாட்களிலும் அரங்கு பணம் ஈட்டும் என்பது கணக்கு. கணக்கிற் குற்றம் காண இயலாது. அடுத்த ஆண்டு 6.5 வீத வட்டியில் 3½ கோடிப் பவுணுக்குக் கடன் முறிகள் வெளியிட்டனர். முறி வாங்கியோருட் சாதாரண ஆதரவாளரும் இருந்தனர். இடையிலே கொரோனா நோய் வந்து அரங்குகளைப் பூட்டிற்று. 2022 இல் முதலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவ்வாண்டு ஒக்டோபரிற் கழகம் நொடித்தது. சில வாரங்கள் முன்னே வூஸ்ரரும், மறு ஆண்டு இலண்டன் ஐரிஷும் தொடரிலிருந்து நீங்கின.

இந்தியாவில் 2025 யூனில் நடந்த றக்பி பிரீமியர் லீக்கில் ஆறு அணிகள் எழுவர் ஆட்டம் ஆடின; உடைமையாளர் பெற்றது நகரப் பெயரோடு கூடிய உரிமம். முதற் கிண்ணம் 'சென்னை புல்ஸ்' அணிக்குக் கிடைத்தது. தமிழராகிய நாம் மகிழ்ந்தோம். ஆட்டங்களோ அனைத்தும் மும்பாயில் நடந்தன.

எமது கரையோரத்துக் கழகங்களையும் நாளை ஒரு செல்வர் நாடி வருதல் கூடும். அன்று நிலத்தின் உறுதி எவர் பெயரில் இருக்கும் என்பதை முதலிற் கேட்டல் வேண்டும். றிச்மண்டை எண்ணியே இதனைக் கூறுகின்றோம். 1999 இல் உடையவர் கைவிட, அப்பழம்பெரும் கழகம் உயர்தரத் தொடரிலிருந்து மறைந்தது. பழைய மைதானம் அங்கேயே இருந்தது, அங்கத்தவரும் இருந்தனர். 2000 இல் அவர்கள் அடிமட்டத் தொடரிலிருந்து மீண்டும் ஆடத் தொடங்கி, 2016 இல் இரண்டாந் தரத்தை எட்டினர்.