யாருடைய இடது?

வானொலியில் 'இங்கே', 'அங்கே' என்ற சொற்களுக்கு வேலையே இல்லை. "இங்கதாங்க வலிக்குது" என்று மருத்துவ நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயரிடம், "எங்கேங்க?" என்று நான் மறுபடியும் கேட்பது வழக்கம். மருத்துவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஒருவர் எழுதும் குறிப்பை, நோயாளியைப் பார்த்திராத இன்னொருவரும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதற்காக உடற்கூறியலில் ஒரு பொது நிலையை வகுத்திருக்கிறார்கள். நிமிர்ந்து நின்று, நேரே பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்னோக்கி வைத்த நிலை. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் கணக்கு இதற்குத்தான். தலைப்பக்கம் மேல், பாதப்பக்கம் கீழ்.

உள்ளங்கை ஏன் முன்னோக்கி இருக்க வேண்டும்? உங்கள் கையைத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் ஒரு சமயம் தொடைப் பக்கம், ஒரு சமயம் வெளிப்பக்கம் போகும். கையை ஒரே நிலையில் வைத்தால்தான் எது உள், எது வெளி என்ற குழப்பம் வராது.

இனி, அறிக்கைகளில் வரும் சில சொற்கள். 'மீடியல்' என்றால் உடலின் நடுக்கோட்டை நோக்கிய பக்கம். முழங்காலில், மற்ற முழங்காலைப் பார்க்கும் உட்பக்கம். 'லேட்டரல்' அதன் வெளிப்பக்கம். கை கால்களில், உடம்போடு சேரும் இடத்துக்கு அருகில் இருப்பது 'ப்ராக்ஸிமல்'; தள்ளி இருப்பது 'டிஸ்டல்'. கையூன்றி விழுந்தவர்களுக்கு அடிக்கடி ஏற்படும் 'டிஸ்டல் ரேடியஸ்' முறிவு, முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பு மணிக்கட்டருகே முறிவதுதான்.

முக்கியமானது இடமும் வலமும். இரண்டுமே நோயாளிக்குரியவை, பார்ப்பவருக்குரியவை அல்ல. நெஞ்சு எக்ஸ்ரே படத்தை, அவர் நம்மை நோக்கி நிற்பதுபோல் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் இடப்பக்கம் சாய்ந்திருக்கும் இதயம் நம் வலக்கைப் பக்கம் தெரியும்.

இடம் வலம் மாறினால் நல்ல முழங்காலில் கத்தி பட்டுவிடும். 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், மயக்க மருந்து கொடுக்கும் முன்பே நோயாளியிடம் பெயரையும், எந்த இடத்தில் என்ன சிகிச்சை என்பதையும் உறுதிசெய்யச் சொல்கிறது. அந்த இடத்தில் அடையாளமிடவும் சொல்கிறது.

ஆகவே, தாதியர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அம்மா அப்பாவை அழைத்துச் செல்பவர்கள், பதிலை அவர்கள் வாயாலேயே சொல்லவிடுங்கள். வெறுமனே தலையாட்ட வேண்டாம். "என்னோட இடது முழங்கால்" என்று தொட்டுக் காட்டியே சொல்லட்டும்.