தூங்குமூஞ்சிப் பருவம்

அக்கா மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். உடம்பை நன்றாக வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். வெளியே போனால் சன்ஸ்கிரீன், நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், சர்க்கரை கூடாது, பத்தாயிரம் அடி நடை, மனசை நோகடிப்பவர்களிடமிருந்து தள்ளியிருப்பது. கடைசி விரலுக்கு வந்தபோது கொஞ்சம் அசந்துபோனேன். அவள் வயதில் எங்களுக்கு ஆரோக்கியம் என்றால் காய்ச்சல் இல்லாமல் இருப்பது, அவ்வளவுதான். (பத்தாயிரம் அடிக் கணக்கு 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. அதைச் சொல்லி அவள் நடையைக் கெடுக்க மனம் வரவில்லை.)

பட்டியலில் தூக்கம் இல்லை. கேட்டதற்கு, "அதை ஞாயித்துக்கிழமை சேத்து வச்சுத் தூங்கிக்கலாம் மாமா" என்றாள். விடியற்காலை ஐந்தரைக்கு நீட் தேர்வுக்கு டியூஷன். இரவு பன்னிரண்டுக்கு முன் கண் அசருவதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். இவளுக்குக் கிடைப்பது ஐந்து. அக்காவின் தீர்ப்பு வேறு: "எல்லாம் அந்த போனும் சோம்பேறித்தனமும்தான்."

வளர வளரத் தூக்கம் குறையும் என்றுதான் விஞ்ஞானிகளும் ஒருகாலத்தில் நம்பினார்கள். 1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்காடன் பிள்ளைகளுக்கென்று ஒரு கோடைத் தூக்க முகாம் தொடங்கினார். வந்தவர்கள் 10 முதல் 12 வயதுக்காரர்கள். தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு, இரவு 10 முதல் காலை 8 வரை படுக்கை. அதே பிள்ளைகள் ஆண்டுதோறும் திரும்பி வந்தார்கள். பத்து வயதிலும் சரி, மீசை முளைத்த பிறகும் சரி, அவர்கள் தூங்கியது சுமார் ஒன்பதே கால் மணி நேரம். குறையவே இல்லை. சின்னதுகள் தாமாக விழித்துக்கொண்டன, பெரியவர்களை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. அது போதாதென்று, அத்தனை நேரம் தூங்கிய பிறகும் மதியத்தில் கொட்டாவி விட்டது பருவமெய்தியவர்கள்தான்.

காரணம் பின்னால் துலங்கியது. பருவ வயதில் உடம்பின் கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது. இருட்டியதும் மூளையில் சுரந்து 'இரவாகிவிட்டது' என்று சொல்லும் மெலடோனின் ஒன்றிரண்டு மணி நேரம் பிந்துகிறது, காலையில் அடங்குவதும் பிந்துகிறது. பகல் முழுக்கச் சேரும் தூக்கச் சுமையும் மெதுவாகவே ஏறுகிறது. ஆக, பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் படுப்பார்கள், தூக்கம் வராது. ஜெர்மானியரான டில் ரோனபெர்க், சுமார் 25,000 பேரின் தூக்க நேரங்களை வைத்து 2004-ல் ஒன்று சொன்னார்: இந்தப் பின்னடைவு சுமார் 20 வயதில் உச்சம் தொட்டு, பிறகு திரும்புகிறது. பெண்களுக்குக் கொஞ்சம் முந்தி, ஆண்களுக்குக் கொஞ்சம் பிந்தி.

போன் வெளிச்சம் மெலடோனினை மேலும் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் பருவ வயது எலிகளிடமும் குரங்குகளிடமும் இதே பின்னடைவு தெரிகிறது. அதுகளுக்கு ஏது போன்?

கார்ஸ்காடன் 1998-ல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்குக் கலக்கமூட்டுவது. பள்ளி நேரம் 8.25-லிருந்து 7.20-க்கு மாறிய பத்தாம் வகுப்பு மாணவர்களைக் காலை எட்டரைக்கு ஆய்வகத்தில் படுக்கவைத்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் படுத்த சில நிமிடங்களில் கனவுத் தூக்கத்துக்குள் விழுந்தார்கள். சாதாரணமாக அந்த நிலைக்குப் போக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அவர்கள் உடல் வகுப்பில் உட்காரவேண்டிய நேரம், அவர்கள் மூளைக்கு இன்னும் நள்ளிரவு.

சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளின் மணியை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றியது. பிள்ளைகள் அந்த நேரத்தையும் முழித்தே கழிப்பார்கள் என்று பலர் பயந்தார்கள். மணிக்கட்டுக் கருவிகள் காட்டியதோ தினம் 34 நிமிடம் கூடுதல் தூக்கம். கலிஃபோர்னியா சட்டமே போட்டுவிட்டது: 2022 ஜூலை முதல், பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்குக்கும் ரோனபெர்க்கின் குழு ஒரு பெயர் வைத்திருக்கிறது: 'சமூக ஜெட்லேக்'. விடுமுறை நாளில் மதியம்வரை தூங்கினால் கடன் கொஞ்சம் அடையும், கடிகாரமோ இன்னும் பின்னால் போகும். திங்கள் விடியலில் எழுவது, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் மாதிரி.

இத்தனையும் சாப்பாட்டு மேசையில் சொல்லி முடித்தேன். அக்கா எலி விஷயத்தை நம்பவில்லை. மகள் நம்பினாள். அலாரத்தை நாலே முக்காலுக்கு வைத்துக்கொண்டே சொன்னாள்: "எலிக்கு நீட்டும் கிடையாதே மாமா."