ஐந்தொகையில் மறைந்த நஷ்டம்

வருஷாந்திர மகாசபையில் ஐந்தொகை வாசிக்கத் தொடங்கியதும் வெற்றிலை போட வெளியே எழுந்து செல்லும் அங்கத்தினர்களை நாம் அறிவோம். அத்தாளில் இன்னின்ன விவரங்கள் இருந்தே தீரவேண்டும் என்ற விதிகள் எவ்வாறு பிறந்தன என்ற வரலாறு அவர்களும் கேட்கத் தக்கது.

ஸ்காட்லாந்தில் 1839-இல் தோன்றிய கிளாஸ்கோ நகர பாங்கிக்கு 133 கிளைகள் இருந்தன. 1878 கோடையில் அது 12 சதவீத டிவிடெண்டு அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 2-ந் தேதி கதவு அடைக்கப்பட்டது! கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, வாராக் கடன்கள் நல்ல ஆஸ்திகளாக எழுதப்பட்டிருந்தமை வெளியாயிற்று. மூலதனமான 10 லட்சம் பவுன் முழுவதும் கரைந்த பின்னும் 50 லட்சம் பவுனுக்கு மேல் துண்டு விழுந்தது.

பங்குதாரர் 1,819 பேர். அவர்களது பொறுப்போ வரம்பற்றது. 1904-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த நம் பழைய கிராமக் கடன் சங்கங்களும் பெரும்பாலும் அத்தகைய பொறுப்புடையனவே. ஆதலின் இதன் கொடுமை நமக்கு எளிதில் விளங்கும். 100 பவுன் பங்குக்கு முதலில் 500 பவுனும், பின்னர் 2,250 பவுனும் கட்டுமாறு கேட்கப்பட்டது. பிறருக்காகத் தர்மகர்த்தாவாகப் பங்கு வைத்திருந்தவர்களும் தம் சொந்தப் பொருளிலிருந்து கட்ட நேர்ந்தது. முடிவில் திவாலாகாமல் எஞ்சியவர் 254 பேரே. 1879-இல் நிர்வாகிகள் எழுவர் சிறைத் தண்டனை பெற்றனர்.

அவ்வருஷமே பார்லிமெண்டு விழித்துக்கொண்டது. அதன்பின் வரையறுத்த பொறுப்புடன் பதிவாகும் பாங்கிகளுக்கு ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயமாயிற்று. தணிக்கையாளரைப் பங்குதாரர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். டைரக்டர் எவரும் தணிக்கையாளராகக் கூடாது. இதர கம்பெனிகள் 1900 வரை தப்பித்துக்கொண்டன.

ஆயினும் தணிக்கை ஒன்றே போதவில்லை. ராயல் மெயில் கப்பல் கம்பெனி 1920-களில் நஷ்டத்தில் ஓடியது. முதல் உலகப் போர்க்காலத்தில் வரிக்கென ஒதுக்கிய தொகைகளை ஓசையின்றி எடுத்து, லாபம் வந்தது போலவே டிவிடெண்டு வழங்கினர். வரி ஒதுக்கீட்டைச் சரிக்கட்டியதையும் சேர்த்து என்ற பொருளில் கணக்கில் இட்ட ஒரு சிறு தொடரே இதற்கு அடையாளம். எத்தனை பங்குதாரர் அதைப் படித்துணர்ந்திருப்பர்? 1931-இல் நடந்த வழக்கில், இக்கணக்குகளைப் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து தலைவர் கில்சாண்ட் பிரபுவும் தணிக்கையாளரும் விடுதலையாயினர். ரகசிய ஒதுக்கு வைப்பதை அந்நாளைய சட்டம் தடுக்கவில்லை. 1928-இல் கடன் பத்திரம் விற்க வெளியிட்ட விளம்பர அறிக்கை பொய்யானது என்பதற்காகவே பிரபுவுக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது.

இந்த ஓட்டையை அடைக்க 16 வருஷங்கள் பிடித்தன. இத்தாமதம் நமக்கு வியப்பே. 1947-ஆம் வருஷத்துச் சட்டம், ஒதுக்கு நிதியில் போட்டதையும் எடுத்ததையும் பொதுவாக வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்றும், துணைக் கம்பெனிகளின் கணக்கையும் சேர்த்துத் தரவேண்டும் என்றும் விதித்தது. மறு வருஷம் அவ்விதிகள் ஒரே சட்டமாகத் தொகுக்கப்பட்டன. 2013-இல் புதுச் சட்டம் வரும் வரை நம் நாட்டில் வழங்கிய 1956-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் பெரும்பாலும் அதனைத் தழுவியதே.