பனிக்கட்டியைப் படிக்கும் கலை

மழை பொய்த்த ஆண்டுகளில் ஒரு குடம் நீருக்காக நெடுந்தூரம் நடந்த மக்கள் வாழும் சீமை விளாத்திகுளம். நீரின் அருமையை இக்கரிசல் நாட்டார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், நம் நாடு அனுப்பிய விண்கலம் சந்திரனில் நீரைக் கண்ட வரலாற்றிலே நமக்குள்ள படிப்பினையை நம்மவர் ஊன்றி நோக்கினரா எனில், இல்லையென்றே கூறவேண்டியிருக்கிறது.

2008 அக்டோபர் 22ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அக்கலத்தில், அமெரிக்கர் அளித்த நிறமாலைக் கருவியொன்றும் சென்றது. அது செய்த வேலை யாது? நம் சம்சாரி தூரத்தில் நின்றே நிறத்தைக் கண்டு கரிசல் இது, செவல் இது என்று சொல்லிவிடுகிறான். கருவியும் அதையே செய்கிறது. ஆனால், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் அது நுண்ணிய கூறுகளாகப் பகுக்கிறது. ஒவ்வொரு பொருளும் தன்மீது படும் ஒளியில் தனக்கே உரிய சில கூறுகளை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அவ்வளவையில் 1.5, 2 ஆகிய இடங்களில் ஒளி குறைந்திருந்தால், அங்கே பனிக்கட்டி உண்டென ஊகிக்கலாம்.

2009 ஆகஸ்டு 29ல் அக்கலத்தின் தொடர்பு அறுந்தது. அடுத்த மாதமே, சந்திர மண்ணில் நீரின் சாயல் காணப்படுகிறதென்ற முடிவு வெளியாயிற்று. நாம் முக்கியமாகக் குறிப்பிட விரும்புவது அதற்குப் பின் நடந்ததை. கலம் மௌனமான ஒன்பதாண்டுகளுக்குப் பின், 2018ல், ஹவாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் அதே பழைய பதிவுகளை மீண்டும் புரட்டினர். துருவங்களை அடுத்து வெயில் என்றுமே நேரே படாத பள்ளங்களில் பனிக்கட்டி மேற்பரப்பிலேயே கிடப்பதை அவற்றிலிருந்து நிறுவினர். கலம் நம்முடையது, பதிவுகளோ எவர்க்கும் திறந்து கிடந்தவை. ஊன்றிப் படித்தவருக்குப் பலன் கிட்டியது.

படிப்பது எளிதன்று என்பதற்கு வியாழனின் உபகிரகமான யூரோப்பாவே சான்று. அதன் மேல்தோல் முழுதும் பனிக்கட்டி. கலிலியோ என்னும் விண்கலத்தின் கருவி அனுப்பிய நிறமாலையை 1998ல் பார்த்தவர்கள், அப்பனியில் பேதியுப்புப் போன்ற மக்னீசிய உப்புக்கள் இருப்பதாகக் கருதினர். மறு ஆண்டில் வேறு சிலர் அது கந்தகத் திராவகம் என்றனர். 2019ல் ஹப்பிள் தொலைநோக்கியின் பதிவைக் கொண்டு, நாம் சோற்றிலிடும் உப்பே அங்குள்ளது என்று பிறிதொரு சாரார் கூறினர். வேம்பார், வைப்பாறு உப்பளங்களில் உழைப்போர் இவ்வழக்கின் தன்மையை எளிதில் உணர்வர். ஒரே கடல்நீரில் சோற்றுப்பும் உண்டு. அது விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் உண்டு. எந்த உப்பு என்று தெரிந்தால், பனிக்கு அடியிலுள்ள கடல் எத்தகையதென்று தெரியும். இவ்வழக்கை மேலும் விசாரிக்கவே, 2024 அக்டோபரில் புறப்பட்ட அமெரிக்கக் கலமொன்று 2030ல் வியாழனை அடைய இருக்கிறது. நம் நாட்டுக் கலம் எதுவும் இன்னும் அத்திசை நோக்கிச் சென்றதில்லை.

"குடிநீருக்கே அல்லாடும் ஊருக்கு வானத்துப் பனிக்கட்டி எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் சந்திரனில் பனியைக் கண்ட அதே கலைதான் பூமியில் பயிரையும் மண்ணையும் ஆராய உதவுகிறது. 2018 நவம்பரில் நம்மவர் ஏவிய ஹைசிஸ் என்னும் செயற்கைக்கோள் இதன்பொருட்டே அனுப்பப்பட்டது. வானத்தைப் படிக்கக் கற்றவன் தன் காட்டையும் படிப்பான்.

சந்திரயான்-2ல் நம்மவரே சமைத்த அகச்சிவப்பு நிறமாலைக் கருவி 5 மைக்ரான் வரை ஒளியைப் பகுக்க வல்லது. அக்கலத்தின் பதிவுகள் 2020 டிசம்பர் முதல் பொதுவில் வெளியிடப்பட்டிருக்கின்றன. 1928 பிப்ரவரி 28ல் ஸர் சி. வி. ராமன் ஒளிச்சிதறலில் தம் புகழ்பெற்ற உண்மையைக் கண்டார். 2024ல் அதே தேதியில், விளாத்திகுளம் அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்திலே, குலசேகரபட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் ஏவுதளத்துக்கு மதிற்சுவர் எழுப்பும் கூலி மட்டுமே நம் பிள்ளைகளின் பங்காகிவிடலாகாது.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. இப்பகுதி உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒளியைப் பகுத்துக் காட்ட ஒரு பட்டகக் கண்ணாடியும், அதைக் கையாளப் பயின்ற ஆசிரியர் ஒருவரும் இருத்தல் வேண்டும். இப்பதிவுகளைப் படிக்கும் முறை தெளிவான தமிழில் நூலாக வரவேண்டும். விண்வெளி நிறுவனத்தார் ஆண்டுக்கொரு முறையேனும் இங்கு வந்து கல்லூரி மாணவர்க்குப் பயிற்சி அளிக்கவேண்டும். ஏடு நம் கையில் இருக்கிறது. அதைப் பிறர் படித்துச் சொல்ல நாம் கேட்டுக்கொண்டிருப்பது இனியும் தகுமா?