பன்னீர்த் திராட்சையும் சிவப்பு ஒயினும்



"தேனிப் பக்கம் திராட்சை போட்டு ஒயினுக்கு அனுப்புறாங்களாமே, ஜவ்வாது மலை அடிவாரத்துல நாம ஏன் போடக்கூடாது?" கணியம்பாடி, அமிர்தி பக்கத்து விவசாயிகள் மனதில் இப்படி ஒரு கேள்வி இருக்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் வாங்குவதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும்.

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சைக்கு வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விதை உள்ள கறுப்புப் பழம். வாயில் போட்டதும் பன்னீர் தெளித்தாற்போல மணக்கும். அது வெறும் பேச்சு இல்லீங்க. ரோஜாப்பூவின் மணத்துக்குக் காரணமான ஜெரானியால் என்ற பொருள் இந்தப் பழத்திலும் இருக்கிறது.

விலை குறைந்த ஒயினுக்கு இது ஏற்றதாக இருப்பதற்குக் காரணமும் அந்த மணம்தான். உயர்ந்த விலை ஒயின்கள் பலவற்றை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். பீப்பாய்க்கும் காசு, காத்திருக்கவும் காசு. பன்னீர்த் திராட்சையில் மணம் பழத்திலேயே இருப்பதால், புதுசாகவே குடித்துவிடலாம். நாளானால் அந்த மணம் மங்கிப் போகும். விளைச்சலும் அதிகம். நல்ல பராமரிப்பில் ஒரு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 30 டன் வரை, அதாவது ஏக்கருக்கு 12 டன் வரை எடுக்கலாம்.

சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? பழத்தை நசுக்கிப் பாருங்க, சதை வெளுப்பாகத்தான் இருக்கும். நிறமெல்லாம் தோலில். அதனால்தான் சாற்றைத் தோலோடு சேர்த்துச் சில நாள் நொதிக்க விட்டு, அப்புறம் பிழிந்து வடிக்கிறார்கள். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. சாற்றில் சர்க்கரை 20 பாகை இருந்தால் ஒயினில் சுமார் 11 சதவீதம் வரும். 16 பாகை என்றால் 9-க்கும் கீழேதான். சந்தைக்குப் பறிப்பதுபோல நிறம் வந்ததும் பறித்தால் ஆலைக்காரர் முகம் சுளிப்பார். பாகை பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கைக்கருவி இருக்கிறது. ஒரு சொட்டுச் சாறு போதும்.

இப்போ நம்ம ஊர் சங்கதிக்கு வருவோம். மார்கழி, தை மாதத்தில் கவாத்து செய்தால் சித்திரை, வைகாசியில் அறுவடை. அந்த வெயிலில் சர்க்கரை ஏறும், சந்தேகமில்லை. ஆனால் பழுக்கும்போது இரவிலும் சூடு தணியாவிட்டால் தோலில் நிறம் சரியாகப் பிடிக்காது. குலையில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு என்று நிற்கும். ஒயினும் வெளிறிப் போகும். சரி, வைகாசி, ஆனியில் கவாத்து செய்து ஆவணி, புரட்டாசியில் அறுக்கலாமே என்றால், வேலூர்ப் பக்கம் அந்த மாதங்களில் இடிமழை உண்டு. பழம் வெடிக்கும், அழுகல் வரும், அடிச்சாம்பல் நோயும் சேர்ந்துகொள்ளும். போர்டோ கலவை தெளித்துத் தெளித்தே கை ஓய்ந்துவிடும். கம்பத்துக்காரருக்கு மலைப் பள்ளத்தாக்கின் சீதோஷ்ணம் கைகொடுக்கிறது. வருஷம் முழுக்க அங்கே ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். நமக்கு அந்த வசதி இல்லை.

ஆகையால் ஒயினை மட்டும் நம்பி ஏக்கர் கணக்கில் நடாதீங்க என்பதே என் அபிப்பிராயம். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறவர்கள் பத்துப் பதினைந்து கொடி நட்டு, இரண்டு பருவமும் பாகை பார்த்து, நிறம் பார்த்து எழுதி வையுங்க. வேலூர்ச் சந்தையில் தின்பதற்கு விலை போகிற பழமாக அதை முதலில் கணக்குப் போடுங்க. அதற்கு மேலே ஆலை கிடைத்தால் லாபம். ஆலையோடு பேசினால் விலை, பாகை, லாரி வாடகை யாருடையது என்பதெல்லாம் நடுவதற்கு முன்பே எழுத்தில் வரட்டும். வெயிலில் லாரியில் நசுங்கிய பழம் வழியிலேயே நொதிக்க ஆரம்பித்துவிடும். அந்த நஷ்டம் யார் தலையில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்க.

இன்னொன்று. மிஞ்சின பழத்தைப் பானையில் போட்டு வீட்டிலேயே ஒயின் காய்ச்சலாமா என்று சிலர் கேட்கலாம். உரிமம் இல்லாமல் செய்தால் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். மிஞ்சினதைச் சாறாகவோ ஜாமாகவோ ஆக்குங்க, அதற்கும் இந்த மணம் நன்றாகவே இருக்கும்.