உங்களுக்குத் தெரியுமா? ஜொகூர் மண்ணோடும் மலாயாத் தமிழர் வரலாற்றோடும் தொடர்புடைய ஆஸ்திரேலியர்கள்

● தாதிமை – விவியன் புல்விங்கல்: ஜொகூர் பாரு மாவட்டத்தில், தம்போய் மனநல மருத்துவமனை வளாகத்தில் இயங்கிய ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவமனையில் பணியாற்றியவர். 1942 பிப்ரவரி 16 அன்று, சுமத்ரா அருகே பங்கா தீவில் ஜப்பானியர் சுட்ட 22 தாதியரில் உயிர் தப்பியவர் இவர் ஒருவரே. 2023இல் கன்பராவில் இவருக்குச் சிலை எழுந்தது.

● போரும் அரசியலும் – சார்ல்ஸ் ஆண்டர்சன்: தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1942 ஜனவரியில் ஜொகூரின் மூவார் முதல் பாரிட் சூலோங் வரை போரிட்டு விக்டோரியா சிலுவை பெற்றார். 1949இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்ற உறுப்பினரானார்.

● மருத்துவம் – எட்வர்ட் 'வியரி' டன்லப்: ஆயிரக்கணக்கான மலாயாத் தமிழர்களைப் பலிகொண்ட சயாம் மரண ரயில்பாதையில், போர்க்கைதிகளின் உயிர்காத்த அறுவை மருத்துவர்.